டெட் ஆஃப் நைட் பாக்கப் போறீங்களா? இத படிச்சிட்டு ப்ளே பண்ணுங்க

பழைய ப்ளாக் அண்ட் வைட் பேய்ப் படம்னு சொன்ன உடனே "பயமே வராதுங்க, சிரிப்புதான் வரும்"னு சொல்ற ஆளுங்க நெறைய பேரு. அதுலயும் நாலஞ்சு குட்டிக் கதைய ஒண்ணா கோத்த படம்னா சுத்தம், யாரும் முழுசா உக்காந்து பாக்கறதே இல்ல, எங்கயோ அந்த பொம்மை சீன மட்டும் க்ளிப்பா பாத்துட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு போயிடறாங்க. நானும் மொத தடவ கிட்டத்தட்ட அப்படித்தான் பாத்தேன், அதுவும் ரெண்டு கதைய வெட்டி எறிஞ்ச ஒரு ப்ரிண்ட்ல, படுத்துக்கிட்டே, போன்ல. புரியவும் இல்ல, பயமும் வரல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒழுங்கா உக்காந்து பாத்தப்போ தான் தெரிஞ்சுது, தப்பு படத்து மேல இல்ல என் மேலன்னு. நீங்களாச்சும் மொத தடவையே சரியா பாருங்க.

1945ல வந்த பிரிட்டிஷ் படம் இது. மேற்கு லண்டன்ல இருக்கற ஈலிங் ஸ்டுடியோல மைக்கேல் பால்கன் தயாரிச்சது. ஈலிங்னா பின்னாடி காமெடிக்குத்தான் பேர் போச்சு, பேய்ப் படம் அவங்க லைனே கிடையாது. போர் நேரத்துல 1942லேருந்து பிரிட்டன் சென்சார் போர்டு 'ஹெச்' சர்டிபிகேட், அதாவது பயங்கரப் படத்துக்குன்னே வெச்சிருந்த சர்டிபிகேட்ட, குடுக்கறதையே நிறுத்தி வெச்சிருந்தாங்க, போர் முடிஞ்ச கையோட 1945 செப்டம்பர்ல இந்தப் படம் தியேட்டருக்கு வந்துச்சு. அஞ்சு கதை, அந்த அஞ்சையும் கோக்கற ஒரு வெளிக்கதை, மொத்தம் நாலு டைரக்டருங்க: ஆல்பெர்டோ கவல்காந்தி, சார்லஸ் கிரிக்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர். நாலு பேரு சமைச்சா குழம்பிடும்னு நெனைப்போம்ல, இதுல குழம்பல, ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல ப்ரிண்ட் விஷயம், இங்கதான் பாதிப் பேரு ஏமாறறாங்க. ப்ளே பண்றதுக்கு முன்னாடி படம் எவ்ளோ நேரம்னு பாருங்க. முழுப் படம் ஒரு மணி நாப்பது நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல வரணும், 102 இல்ல 103 நிமிஷம்னு காட்டும். 77 நிமிஷம் கிட்ட காட்டுச்சுன்னா அத தொடவே தொடாதீங்க. அமெரிக்கால 1946ல ரிலீஸ் பண்ணப்போ படம் நீளம்னு சொல்லி கிறிஸ்துமஸ் கதையையும் கோல்ஃப் கதையையும் தூக்கிட்டாங்க. ரெண்டு கதைதானே போனா போகுதுன்னு விட முடியாது, ஏன்னா கடைசில வர்ற முக்கியமான கட்டத்துக்கு அஞ்சு கதையும் வேணும், வெட்டுன ப்ரிண்ட்ல பாத்தா "யாரு இவங்கல்லாம், எங்கேருந்து வந்தாங்க"ன்னு முழிப்பீங்க. நான் முழிச்சேன். ரெஸ்டோர் பண்ண ப்ரிண்ட் ப்ளூரேல இருக்கு, கெடைச்சா அதுதான் பெஸ்ட், கெடைக்கலன்னா நேரம் சரியா இருக்கற எந்த ப்ரிண்டும் ஓகே. இன்னொண்ணு, கம்ப்யூட்டர்ல கலர் ஏத்துன வெர்ஷன்னு எதாச்சும் கண்ணுல பட்டா அப்படியே தாண்டிப் போயிடுங்க, இந்தப் படத்துல பயம் இருக்கறதே அந்த கருப்புக்குள்ள தான்.

அடுத்து டிவி செட்டிங், இது கொஞ்சம் போரடிக்கும் ஆனா பண்ணித்தான் ஆகணும். இப்போ வர்ற டிவி முக்காவாசில மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒவ்வொரு பேரு வெச்சிருப்பாங்க, அது என்ன பண்ணும்னா செகண்டுக்கு 24 ஃப்ரேம்ல எடுத்த படத்துக்கு நடுவுல இல்லாத ஃப்ரேம எல்லாம் தானா உருவாக்கி சொருகும், உடனே 1945 படம் நேத்து எடுத்த சீரியல் மாதிரி வழுக்கிக்கிட்டு ஓடும். அத ஆஃப் பண்ணுங்க. நாய்ஸ் ரிடக்ஷனையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஃபிலிம் க்ரெயின், அதாவது ஃபிலிம்ல தெரியற பொடிப்பொடிப் புள்ளி எல்லாம் அழிஞ்சு மூஞ்சியெல்லாம் மெழுகு பூசுன மாதிரி ஆயிடும் (மெழுகு மூஞ்சி இருக்க வேண்டிய ஆளு இந்தப் படத்துல ஒருத்தன் தான், அவன் மரத்துல செஞ்சவன்). ஷார்ப்னஸ நல்லா கொறைங்க. கலர் டெம்பரேச்சர 'வார்ம்' பக்கம் வைங்க, ப்ளாக் அண்ட் வைட் படத்துக்கு கலர் செட்டிங் எதுக்குன்னு கேக்காதீங்க, 'கூல்'ல வெச்சா வெள்ளை எல்லாம் நீலம் அடிக்கும். ஃபிலிம்மேக்கர் மோட்னு உங்க டிவில இருந்தா அத ஒரு தட்டு தட்டுனா இதுல முக்காவாசி தானா சரியாயிடும்.

ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வரட்டும். அந்தக் காலத்து படத்தோட வடிவமே கிட்டத்தட்ட சதுரம், 1.37க்கு 1. ஸ்க்ரீன் காலியா கெடக்கேன்னு ஜூம் பண்ணீங்கன்னா மேலயும் கீழயும் வெட்டுப்படும், இழுத்து விட்டீங்கன்னா எல்லாரும் குண்டாயிடுவாங்க. அஞ்சுல ஒண்ணு மொகம் பாக்கற கண்ணாடியப் பத்தின கதை, அதுல கண்ணாடியோட ஃப்ரேமும் படத்தோட ஃப்ரேமும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும், அத ஜூம்ல தொலைச்சிட்டு அப்புறம் என்னத்த பாக்கறது.

லைட்ட அணைங்க. டிவி ஸ்க்ரீன்ல ஜன்னலோ லைட்டோ பிரதிபலிச்சா இருட்டு சீன்ல உங்க மூஞ்சியே உங்களுக்குத் தெரியும், அது வேற பேய்ப் படம். ஆனா டிவியோட கருப்பு சாம்பல் கலர்ல வெளுத்துத் தெரியுதுன்னா மட்டும் டிவிக்குப் பின்னாடி மங்கலா ஒரு லைட்டு போட்டு வைங்க, கண்ணு ஏமாந்து கருப்பு கருப்பாவே தெரியும். சவுண்டு மோனோ தான், சரவுண்டுன்னு எதையும் ஆன் பண்ணாதீங்க, பேச்சு எங்கயோ கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி ஆயிடும். சப்டைட்டில் போட்டுக்கோங்க, வெக்கப்படவே வேணாம், 40கள் இங்கிலீஷ்காரங்க வாய்க்குள்ளயே படபடன்னு பேசுவாங்க, முக்கியமான ஒரு வரி டீ கோப்பைய வைக்கற சத்தத்துல போயிடும். ம்யூசிக் ஜார்ஜ் ஓரிக், பிரெஞ்சுக்காரர், அமைதியா போய்ட்டு இருக்கும் திடீர்னு ஏறும், அதனால ஆரம்பத்துலயே ரொம்ப சத்தமா வெச்சிட்டு அக்கம்பக்கத்த எழுப்பாதீங்க.

ஆட்டோப்ளேய ஆஃப் பண்ணுங்க. இத தனியா ஒரு பாராவா எழுதறேன், ஏன்னா அவ்ளோ முக்கியம். ஸ்ட்ரீமிங் ஆப்ல க்ரெடிட்ஸ் ஓட ஆரம்பிச்ச உடனே படத்த ஒரு மூலைல சுருக்கிட்டு "அடுத்து இத பாருங்க"ன்னு எதையாச்சும் நீட்டும். இந்தப் படத்துல க்ரெடிட்ஸ் ஓடறப்போவும் படம் முடியல. கடைசி எழுத்து மறையற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. ஏன்னு இப்ப கேக்காதீங்க.

சரி, இப்போ பாக்கற விதத்துக்கு வருவோம். வால்டர் க்ரெய்க்னு ஒரு ஆர்கிடெக்ட், மெர்வின் ஜான்ஸ் நடிச்சிருப்பாரு, கிராமத்துப் பக்கம் ஒரு வீட்ட மாத்திக் கட்டறது சம்பந்தமா கூப்பிட்டிருக்காங்கன்னு கார்ல வந்து எறங்கறாரு. உள்ள போனா அங்க இருக்கறவங்க எல்லாரையும் ஏற்கனவே கனவுல பாத்திருக்கேன், திரும்பத் திரும்ப வர்ற கனவு, இப்போ என்ன நடக்கும்னு கூட கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருதுங்கறாரு. அங்க இருக்கற வான் ஸ்ட்ராட்டன்ங்கற மனநல டாக்டர் அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு அறிவியலா வெளக்கம் குடுக்கறாரு, மத்தவங்க "இல்ல டாக்டர், எனக்கும் ஒண்ணு நடந்துச்சு"ன்னு ஆளுக்கொரு கதை சொல்றாங்க. இவ்ளோதான் செட்டப்பு. புயல் இல்ல, பாழடைஞ்ச கோட்டை இல்ல, பட்டப்பகல்ல வெளிச்சமான ஹால்ல டீ குடிச்சிட்டு உக்காந்து பேசறாங்க.

மொத தடவ பாக்கறவங்க பண்ற பெரிய தப்பு இங்கதான். கதைங்க தான் படம், ஹால்ல பேசறதெல்லாம் நடுவுல வர்ற கேப்புன்னு நெனைச்சு அப்போ போன எடுத்து பாப்பாங்க. தலைகீழா பண்ணுங்க. விக்கிரமாதித்தன் கதைல வேதாளம் சொன்ன கதையெல்லாம் பாதி மறந்து போயிருக்கும், ஆனா இருட்டுல சுடுகாட்டு வழியா முதுகுல அத சுமந்துக்கிட்டு அவன் நடக்கறானே அது மறக்காது. இதுவும் அதே கணக்கு தான். நாலு டைரக்டரு சமைச்சும் குழம்பாததுக்குக் காரணமே டியர்டன் எடுத்த இந்த ஹால் சீன் தான், ஒவ்வொரு கதை முடிஞ்சு திரும்ப ஹாலுக்கு வர்றப்போவும் அறை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கற மாதிரி இருக்கும். ஒரு பேப்பர் பேனா வெச்சுக்கிட்டு க்ரெய்க் என்னென்ன நடக்கும்னு சொல்றாருன்னு குறிச்சுக்கோங்க. கையில காசில்லாம கருப்பு முடிக்காரப் பொண்ணு ஒருத்தி வருவான்னு சொல்லுவாரு, டாக்டரோட மூக்குக் கண்ணாடி உடையும்னு சொல்லுவாரு. ஒவ்வொண்ணா நடக்கறப்போ டிக் அடிங்க. முக்கியமா அந்த மூக்குக் கண்ணாடி மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.

இப்போ ஒவ்வொரு கதைக்கும் எப்படி தயாராகணும்னு சொல்றேன், முடிவு எதையும் ஒடைக்க மாட்டேன். முதல் கதை ரேஸ் டிரைவரோடது, சின்னது, டக்குன்னு முடிஞ்சிடும், ஈ. எஃப். பென்சன் எழுதுன சிறுகதைலேருந்து எடுத்தது. ஆஸ்பத்திரி ரூம்ல ராத்திரி நேரம், கடிகாரம் சம்பந்தமே இல்லாத நேரம் காட்டும், எழுந்து போய் திரைச்சீலைய வெலக்குனா வெளிய பகல். அந்த சீன்ல சத்தத்த கவனிங்க, சத்தம் எப்போ நிக்குதுன்னு. ரெண்டாவது கிறிஸ்துமஸ் பார்ட்டி, பெரிய வீட்டுல பசங்க ஒளிஞ்சு வெளையாடறாங்க, ஒரு பொண்ணு மாடிக்குப் போறா. எடுத்தது கவல்காந்தி, பிரேசில்காரரு. மெதுவா போகும், பயமுறுத்தணும்னு எதையும் பண்ண மாட்டாரு, அவசரப்படாதீங்க.

மூணாவது தான் என் ஃபேவரிட், கண்ணாடி. கல்யாணம் பண்ணிக்கப் போற பையனுக்கு பொண்ணு ஒரு பழைய கண்ணாடி வாங்கித் தர்றா, அவன் அதுல பாக்கறப்போ பின்னாடி அவன் ரூம் தெரியல, வேற ஒரு ரூம் தெரியுது, கணப்புல நெருப்பு எரியுது, தூண் வெச்ச பெரிய கட்டில் கெடக்குது. ராபர்ட் ஹேமருக்கு இதுதான் டைரக்டரா பேர் போட்ட முதல் வேலைகள்ல ஒண்ணு, ஆனா ஒரு இடத்துல கூட "பாத்தியா பயமா இருக்கா"ன்னு கேக்க மாட்டாரு. பேயே வராது. ஒரு ரூம் மட்டும்தான், அதுவும் கண்ணாடிக்குள்ள. கண்ணாடில என்ன தெரியும்னு காட்டாம கேமரா அவன் மூஞ்சிய மட்டும் காட்டற ஷாட்டெல்லாம் இருக்கு, அந்த நேரத்துல நம்ம கழுத்து தானா எட்டிப் பாக்கப் போகும், எனக்கு மூணாவது தடவையும் போச்சு. கூகி விதர்ஸ் அந்தப் பொண்ணா நடிச்சிருக்காங்க, பயத்த விட எரிச்சல மொதல்ல காட்டுவாங்க பாருங்க, வீட்டுல ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னா கூட இருக்கறவங்களுக்கு மொதல்ல அதுதானே வரும்.

நாலாவது கோல்ஃப் கதை. ஸ்கிப் பண்ணத் தோணும். பண்ணாதீங்க. பேசில் ராட்ஃபோர்டும் நான்டன் வெய்னும் அந்தக் காலத்து ஹிட்டான காமெடி ஜோடி, ஒரே பொண்ண லவ் பண்ற ரெண்டு கோல்ஃப் பைத்தியங்க, ஜெயிக்கறவனுக்கு பொண்ணுன்னு கோல்ஃப் ஆடறாங்க. ஹெச். ஜி. வெல்ஸ் கதைய ரொம்ப லூசா எடுத்துக்கிட்டது. ஜோக்கு பாதி பழசு, பொண்ணு கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்காததும் இப்போ பாக்க உறுத்தும், நானும் இது நல்ல கதைன்னு சண்டை போட மாட்டேன். ஆனா அது ஏன் அங்க இருக்குன்னா, கண்ணாடிக் கதைல மூச்ச இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கற நம்மள கொஞ்சம் தளர விடறதுக்கு, அப்போதான் அடுத்த அடி சரியா விழும். கிரிக்டன் எடுத்தது, இந்த மனுஷன் 43 வருஷம் கழிச்சு 1988ல 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' எடுத்தாரு, காமெடி அவர் ரத்தத்துலயே இருந்திருக்கு. ஒரு எச்சரிக்கை, இந்தக் கதைல தற்கொலைய வெளையாட்டா காட்டிட்டுப் போவாங்க, அந்த விஷயம் உங்களுக்கு பாரமா இருக்கும்னா முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

அஞ்சாவது, பொம்மை. மைக்கேல் ரெட்க்ரேவ் வென்ட்ரிலோக்விஸ்ட், அதாவது பொம்மைய மடில வெச்சு உதடு அசையாம பேசறவரு, பொம்மை பேரு ஹ்யூகோ. இத பாக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் யோசிச்சு வைங்க. முதல் மூணு கதையும் அவங்கவங்களுக்கு நடந்தது, சொல்றவங்க நம்ம முன்னாடி சோஃபால உயிரோட உக்காந்திருக்காங்க, அதனால நமக்கு உள்ளுக்குள்ள ஒரு தைரியம். இந்தக் கதைய சொல்றது டாக்டர், எதையும் நம்பாத ஆளு, அவரோட கேஸ் ஒண்ண சொல்றாரு. அந்த பொம்மைக்காரன் சோஃபால இல்ல. அவன் என்ன ஆனான்னு நமக்கு எந்த உத்தரவாதமும் இல்ல. இத மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா ரெட்க்ரேவ் மூஞ்சில வேர்வை வர்ற ஒவ்வொரு ஷாட்டும் வேற மாதிரி இருக்கும். பொம்மை பேசறப்போ பொம்மைய பாக்காதீங்க, அவரு தொண்டைய பாருங்க. பேசறது யாருன்னு ஒரு கட்டத்துல சந்தேகம் வரும், அந்த சந்தேகத்த படம் தீத்து வைக்காது.

அந்தக் கதை முடிஞ்ச உடனே கண்ண கூட சிமிட்டாதீங்க, பாத்ரூம் எல்லாம் அதுக்கு முன்னாடியே, கோல்ஃப் முடிஞ்ச உடனே போயிட்டு வந்துடுங்க. நாலஞ்சு பேரா பாக்கறீங்கன்னா ஒரே ரூல், ஹால் சீன்ல யாரும் பேசக் கூடாது, கதை ஓடறப்போ வேணும்னா கமெண்ட் அடிச்சுக்கோங்க.

படம் இன்னும் பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டு போங்க, பாத்துட்டு வந்து மிச்சத்த படிங்க. நெஜமா சொல்றேன், போங்க.

பாத்தாச்சா? அந்த கிறிஸ்துமஸ் கதைல அழுதுட்டு இருந்த குட்டிப் பையன் பேரு ஃப்ரான்சிஸ் கென்ட்னு சொன்னான்ல, அந்தப் பேர எழுதுனவங்க கற்பனைல உருவாக்கல. 1860ல இங்கிலாந்துல ரோட் ஹில் ஹவுஸ்னு ஒரு வீட்டுல நாலு வயசு கூட முடியாத ஃப்ரான்சிஸ் சாவில் கென்ட்ங்கற பையன கொன்னுட்டாங்க, அஞ்சு வருஷம் கழிச்சு 1865ல அவனோட அக்கா கான்ஸ்டன்ஸ், கொலை நடந்தப்போ 16 வயசு, நான்தான் பண்ணேன்னு ஒத்துக்கிட்டா. 1945ல தியேட்டர்ல உக்காந்திருந்த பிரிட்டிஷ்காரங்கள்ல நெறைய பேருக்கு அந்தப் பேரு காதுல விழுந்த உடனே தூக்கிவாரிப் போட்டிருக்கும், நமக்கு யாராச்சும் எடுத்து சொன்னாத்தான். சொல்லிட்டேன், திரும்பப் போய் அந்த சீன மட்டும் ஒரு தடவ பாருங்க, மாடிக்குப் போன அந்தப் பார்ட்டிப் பொண்ணு அவனுக்குத் தாலாட்டு பாடற இடம்.

முடிவு பத்தி ஒரு சுவாரசியமான சமாச்சாரம். ஃப்ரெட் ஹாயில், தாமஸ் கோல்ட், ஹெர்மன் பாண்டி, மூணு பேரும் விஞ்ஞானிங்க, இந்தப் படத்த ஒண்ணா பாத்திருக்காங்க. ஆரம்பமும் முடிவும் இல்லாம சுத்திக்கிட்டே இருக்கே, பிரபஞ்சமும் இப்படி இருந்தா என்னன்னு கோல்டுக்கு ஒரு யோசனை வந்துச்சாம், 1948ல மூணு பேரும் வெளியிட்ட ஸ்டெடி ஸ்டேட் கொள்கைக்கு அதுவும் ஒரு வித்து. பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே இல்ல, எப்பவும் ஒரே மாதிரி தான் இருக்கும்னு சொன்ன கொள்கை, 60கள்ல காஸ்மிக் பின்னணிக் கதிர்வீச்ச, அதாவது பிரபஞ்சத்தோட ஆரம்ப காலத்துலேருந்து மிஞ்சி நிக்கற கதிர்வீச்ச, கண்டுபிடிச்ச அப்புறம் அது நிக்கல. கொள்கை போயிடுச்சு, படம் நின்னுடுச்சு.

ரெண்டாவது தடவ பாக்கறது இந்தப் படத்துக்கு கட்டாயம், ஆனா மறுநாளே வேணாம், ஒரு மாசம் போகட்டும். அப்போ மொத நிமிஷத்த மட்டும் கவனமா பாருங்க. கார் வந்து நிக்கும், க்ரெய்க் வீட்ட பாப்பாரு, என்னமோ ஞாபகம் வர்ற மாதிரி ஒரு முழி முழிச்சிட்டு, தலைய லேசா ஆட்டிட்டு வண்டிய எடுப்பாரு. மொத தடவ அது சும்மா ஒரு ஆளு வழி தேடற மாதிரி இருந்திருக்கும். இந்தத் தடவ "எறங்காதய்யா, அப்படியே வண்டிய திருப்பிக்கிட்டு போயிடு"ன்னு உங்களுக்கு கத்தணும் போல இருக்கும், அவரு எறங்குவாரு, வேதாளம் மறுபடியும் முருங்க மரத்துல ஏறியாச்சு.